பினாங்கில் எங்கே தங்குவது: கோயில் தெருவா, கடற்கரையா, அக்கரையா?

திருச்சியிலிருந்து பெரியம்மா மகன் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பியிருந்தார். "பாப்பா, பினாங்குல நாலு நாளைக்கு ரூம் பார்த்து வை. கடல் தெரியணும். கோயில் நடக்கிற தூரத்துல இருக்கணும். அம்மாவுக்கு மாடிப்படி ஆகாது, தெரியும்ல. உங்க ஊர் காசுல இருநூறுக்கு மேல போக வேணாம்."

நாலு நிபந்தனை. பினாங்கில் இவற்றில் மூன்று ஒன்றாகக் கிடைத்தாலே பெரிது. நாலும் ஒரே அறையில் கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள், நானே போய்த் தங்கிக்கொள்கிறேன். ஆக, எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எனக்கு இந்தக் கேள்வி புதிது. தீவுக்கு எதிர்க்கரையான பட்டர்வொர்த்தில் அம்மா வீடு இருந்தவரை பினாங்கில் காசு கொடுத்துப் படுத்ததே கிடையாது. வீட்டை விற்றபின் கோலாலம்பூர் செந்தூலிலிருந்து வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவை விருந்தாளி மாதிரி போய் வருகிறேன். சொந்த ஊரில் வாசலில் நின்று சாவி வாங்குவது முதல் தடவை என்னவோ போல் இருந்தது. அப்புறம் பழகிவிட்டது. பழகியதோடு, எந்தப் பேட்டையில் தங்கினால் என்ன கிடைக்கும், என்ன தொல்லை என்பதும் பிடிபட்டுவிட்டது.

முதலில் ஒன்று. பினாங்கில் மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை எங்கே தங்கினாலும் ஒன்றுதான். வெயில் தலையைப் பிளக்கும். ஏசி உள்ள ஏதோ ஓர் இடத்தில்தான் இருப்பீர்கள். தங்கும் இடம் கணக்குக்கு வருவது காலை ஆறிலிருந்து ஒன்பது வரை, அப்புறம் இரவு எட்டுக்கு மேல். அந்த இரண்டு வேளையும் வாசலில் இறங்கினால் என்ன கண்ணில் படவேண்டும் என்று யோசித்தால் பாதி முடிவு வந்துவிடும். அண்ணன் "கடல் தெரியணும்" என்றாரே, பினாங்கில் அந்தக் கடலை ஜன்னல் வழியாக எத்தனை நிமிஷம் பார்ப்பார்? பல் தேய்க்கும்போது ஒரு தடவை, அவ்வளவுதான்.

கடல் தெரியும் அறை பழைய நகரத்தில் ஏன் அரிது என்பதற்குக் காரணம் உண்டு. அந்தப் பழைய நகரமான ஜார்ஜ்டவுன் 2008 ஜூலை 7ஆம் தேதி மலாக்காவோடு சேர்ந்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. அந்த வட்டாரத்துக்குள் புதுக் கட்டடம் 18 மீட்டருக்கு மேல் எழும்பக் கூடாது. இரண்டு மாடிக் கடைவீடுகள்தான் தெருத்தெருவாக. மேல்மாடி அறையிலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு ஓட்டுக்கூரையும், அதில் முளைத்த செடியும் தெரியும். எனக்கு அதுவே பிடிக்கும், ஆனால் அண்ணனுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களும் உண்டு. பீச் ஸ்ட்ரீட், மலாயில் லெபோ பந்தாய். செந்தூலில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் 'கடற்கரைத் தெரு' என்று நம்பி அங்கே அறை போட்டுவிட்டு, நீச்சல் உடையோடு போய் இறங்கினார். இறங்கிய இடத்தில் இருந்தவை வங்கிகள். அவர் மேல் தப்பில்லை. ஒரு காலத்தில் அலை அங்கேதான் அடித்தது. 1880களில் கடலைத் தூர்த்து வெல்ட் கீ என்ற கரைச்சாலையை உண்டாக்கிய பிறகு கரை தள்ளிப் போய்விட்டது, பெயர் மட்டும் அதே இடத்தில் நின்றுவிட்டது.

சரி, ஒவ்வொரு பேட்டையாக வருகிறேன்.

லிட்டில் இந்தியா, கோயில் தெரு

குவீன் ஸ்ட்ரீட், மார்க்கெட் ஸ்ட்ரீட், பினாங் ஸ்ட்ரீட் இந்த மூன்றும் சேர்ந்த சதுரம். கப்பலில் வந்த தமிழர் பலர் இந்த மண்ணில் முதலில் தலை சாய்த்தது இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான். பினாங் ஸ்ட்ரீட்டில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்திருந்தார்கள். பகலில் பெட்டியடியில் உட்கார்ந்து வட்டிக் கணக்கு, இரவில் அதே கூடத்தில் பாய் விரித்துத் தூக்கம். நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பல் ஏறி வந்தவர்கள் சொன்ன கதைகளில் இந்தத் தெருக்கள் வராமல் இருக்காது. இன்றைக்கு இங்கே இருப்பவை சின்ன விடுதிகள், நடுத்தர விடுதிகள் சில.

இங்கே தங்குவதன் லாபம் காலையில் தெரியும். பினாங்கில் ஏழு மணிக்கு மேல்தான் நல்ல வெளிச்சம் வரும். திருச்சிக்காரர்களுக்கு இது அதிசயமாக இருக்கும். ஆறு மணியை ஒட்டி கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலில் பாங்கு கேட்கும். 1801இல் காதர் முகைதீன் என்ற தமிழ் முஸ்லிம் தலைவர் தொடங்கிய பள்ளிவாசல் அது. கொஞ்ச நேரத்தில் 1833இல் எழும்பிய மகா மாரியம்மன் கோயிலில் மணி. இருட்டு விலகுவதற்குள் பூக்காரம்மா கடையைத் திறந்து, முட்டிவரை சேலையைச் செருகிக்கொண்டு, வாளித் தண்ணீரைக் கடை முன்னுள்ள ஐந்தடி நடைபாதையில் வீசி ஊற்றித் துடைப்பத்தால் தள்ளுவார். அந்த ஈரத் தரையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து மல்லிகை கட்ட ஆரம்பிப்பார். விரல் ஓடும் வேகத்தில் பூவும் நாரும் எது எதுவென்று தெரியாது. பக்கத்தில் ஒரு கடையில் கல் காய்ந்துவிட்டிருக்கும். பசியாற தோசையா ரொட்டி சானாயா என்பது மட்டும்தான் அப்போது யோசிக்க வேண்டியது.

பெரியம்மா மாதிரி ஆட்களுக்கு இதைவிடத் தோதான இடம் பினாங்கில் இல்லை. காலையில் யாரையும் எழுப்பாமல் தானாகவே நடந்து கோயிலுக்குப் போய் வரலாம். வழியில் யாரிடம் கேட்டாலும் தமிழில் பதில் வரும். மரக்கறிச் சாப்பாட்டுக்கு அலைய வேண்டாம். பேரப்பிள்ளைகள் எழுந்திருப்பதற்குள் அவருக்குப் பாதி நாள் முடிந்திருக்கும்.

இனித் தொல்லைகள். பாட்டுக் கடைகள், துணிக்கடைகள் வாசலில் ஒலிபெருக்கி வைத்திருக்கும். ஒரு கடையில் ஒரு பாட்டு, எதிர்க்கடையில் வேறு பாட்டு, நடுவில் நீங்கள். இரவு ஒன்பது, பத்து வரை அது ஓயாது. தெருவைப் பார்த்த அறையா பின்பக்க அறையா என்று கேட்டு வாங்க வேண்டும். அதைவிட முக்கியமான கேள்வி, ஜன்னல் இருக்கிறதா? கடைவீடு என்பது முகப்பு குறுகலாக, உள்ளே ரயில் பெட்டி போல நீண்டு போகும் வீடு. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். நடுவில் விழும் அறைகளுக்கு வெளிச்சம் வர வழியே கிடையாது. மலிவான அறை என்று பார்த்தாலே இந்த நடு அறைதான் பெரும்பாலும். நான் ஒரு தடவை அப்படி ஒன்றில் மாட்டிக்கொண்டேன், பெயர் வேண்டாம். திரைச்சீலை தொங்கியது, ஆசையாக இழுத்தால் பின்னால் வெறும் சுவர். அந்தத் திரைச்சீலையை மாட்டியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும்.

பழைய கடைவீட்டு விடுதிகள்

முந்த்ரி ஸ்ட்ரீட், ஸ்டூவர்ட் லேன், லவ் லேன், ஆர்மீனியன் ஸ்ட்ரீட் பக்கம் போனால் இவை வரிசையாக இருக்கும். படங்களில் பார்த்து எல்லாரும் மயங்குவது இதில்தான். வண்ணத் தரை ஓடுகள், செதுக்கிய மரக்கதவு, வீட்டு நடுவில் வானம் பார்த்த முற்றம். மழை பெய்யும்போது அந்த முற்றத்தோரம் கோப்பியோடு உட்கார்ந்திருப்பது, அதற்காகவே காசு கொடுக்கலாம் என்று தோன்றும்.

இந்த விடுதிகள் எப்படி வந்தன என்பது தெரிந்தால் கொஞ்சம் உறுத்தலும் வரும். 1966 வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை இந்த வீடுகளில் சொற்ப வாடகைக்குத் தையல்காரரும் தட்டாரும் கூடை பின்னுகிறவரும் தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். சட்டம் 1997இல் ரத்தாகி, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் காப்பு முடிந்தது. வாடகை ஏறியது, ஆட்கள் போனார்கள், வீடுகள் பூட்டிக் கிடந்தன. யுனெஸ்கோ பெயர் கிடைத்த பிறகு அவற்றில் பல விடுதியாகத் திறந்தன. அப்பாவுக்குத் தீபாவளிச் சட்டை தைத்த கடை இருந்த இடத்தில் இன்று எட்டு அறை இருக்கிறது. அதில் ஒன்றில் நான் தங்கியும் இருக்கிறேன். வேறென்ன செய்வது, அறை அழகாகத்தான் இருந்தது.

இளம் ஜோடிக்கு, தனியாக வருகிறவருக்கு, படம் எடுக்கப் பிடித்தவருக்கு இதைத்தான் சொல்வேன். பெரியம்மாவுக்குச் சொல்ல மாட்டேன். மின்தூக்கி இருக்கும் வீடு அபூர்வம். மரப்படி ஏணி மாதிரி செங்குத்தாக நிற்கும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது முழங்கால் மூக்கைத் தொடும். மேல்மாடித் தரை பலகை. பக்கத்து அறைக்காரர் நள்ளிரவில் தண்ணீர் குடிக்க எழுந்தால் அவர் எத்தனை அடி வைத்தார் என்று உங்களுக்குத் தெரியும். லவ் லேன், சூலியா ஸ்ட்ரீட் ஓரமாக இருந்தால் மதுக்கடைகளின் சத்தம் வேறு. சின்னப் பிள்ளைகள் முற்றத்தை எட்டிப் பார்க்கும் மாடிக் கைப்பிடியில் தொங்குவார்கள். அந்தக் காலத்துக் கைப்பிடி இடுப்புக்குக் கீழேதான் இருக்கும். கொசுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

காடியில், அதாவது காரில், வருகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. இந்தத் தெருக்களில் பெரும்பாலான விடுதிகளுக்குச் சொந்தமாக நிறுத்துமிடம் கிடையாது. தெருவோரம் கிடைத்தால் செயலி வழியாகக் காசு கட்டி நிறுத்தலாம். சனி ஞாயிறில், அதுவும் சுவேட்டன்ஹாம் துறையில் உல்லாசக் கப்பல் வந்து நிற்கும் நாளில், அந்த நினைப்பை விட்டுவிடுங்கள். கோலாலம்பூரிலிருந்து காடியில் போய், நாலு நாளும் அதை ஏதோ ஒரு நிறுத்துமிடத்தில் போட்டுப் பூட்டிவிட்டு நடந்தே சுற்றியவர்களை எனக்குத் தெரியும். அதற்கு இடிஎஸ் ரயிலில் வந்திருக்கலாம். கேஎல் சென்ட்ரலில் ஏறினால் நாலு மணி நேரத்தை ஒட்டி பட்டர்வொர்த். டோலும் இல்லை, பாலத்தில் நெரிசலும் இல்லை.

பழைய நகரத்திலேயே கடலும் வேண்டும், காசும் இருக்கிறது என்றால் ஈ அண்ட் ஓ விடுதி. சார்க்கீஸ் சகோதரர்கள் 1885இல் தொடங்கியது. கடற்சுவரை ஒட்டிய புல்தரை, வெள்ளை மாளிகை, வாசலில் தொப்பி போட்ட பணியாள். அண்ணனின் இருநூறு வெள்ளிக்கு (ரிங்கிட்டை இங்கே வெள்ளி என்போம்) அங்கே எதிர்பார்க்க ஒன்றும் இல்லை. மாலைத் தேநீர் வேண்டுமானால் குடித்துவிட்டு, கடலைப் பார்த்துவிட்டு வரலாம்.

வெல்ட் கீயில் சீனர் குலத்துறைகளில், அதாவது ஒரே குலத்தார் சேர்ந்து வாழும் படகுத்துறைகளில், மரக்கால் நட்டு எழுப்பிய வீடுகளிலும் சில இடங்களில் தங்கலாம். உங்களுக்குக் கீழேயே அலை தட்டும். அலை வற்றும் நேரத்தில் சேற்று வாடையும் வரும். அவை இன்னும் ஜனங்கள் குடும்பம் நடத்தும் வீடுகள். சத்தமாகப் பேசுகிற கூட்டத்துக்கு அது இடமில்லை. எங்கள் குடும்பம் சத்தமாகப் பேசும் கூட்டம். முடிந்தது.

பத்து ஃபெரிங்கி

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பேச்சு கடைசியில் இங்கேதான் வந்து நிற்கும். தீவின் வடகரை, மணல், பெரிய பெரிய கடற்கரை விடுதிகள். 1970களிலிருந்தே இது சுற்றுலாக் கரை. ராசா சாயாங் விடுதி 1973இல் திறந்தது. நீச்சல் குளம், விளையாட்டு இடம், பசியாற விரித்து வைத்த மேசை, மாலையில் சாலையோரம் இரவுச் சந்தை. அண்ணன் கேட்ட கடல் தெரியும் அறை இங்கே உண்டு, மின்தூக்கியும் உண்டு, பெரிய விடுதிகளில் காடி நிறுத்தவும் இடம் உண்டு. கோயிலும் இருநூறு வெள்ளியும்தான் இடிக்கும்.

கடலைப் பற்றி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். லங்காவி, பெர்ஹெந்தியான் தீவுகளின் நினைப்போடு போகாதீர்கள். மலாக்கா நீரிணையின் தண்ணீர் கலங்கலாகத்தான் இருக்கும். ஜெல்லி மீன் வரும் காலத்தில் எச்சரிக்கைப் பலகை வைப்பார்கள். அதை மதிக்க வேண்டும், சில வகை கொட்டினால் ஆஸ்பத்திரிவரை போக வைக்கும். அதனால் பிள்ளைகள் மணலில் வீடு கட்டிவிட்டு நீச்சல் குளத்தில்தான் குதிக்கிறார்கள். ஃபெரிங்கியில் நீங்கள் காசு கொடுப்பது பெரும்பாலும் அந்தக் குளத்துக்குத்தான். தெரிந்து கொடுத்தால் வருத்தமில்லை.

தூரம் இன்னொரு கணக்கு. நகரத்திலிருந்து 15 கிலோமீட்டருக்கு உள்ளேதான். ஆனால் கடலோரமாக மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து போகும் சாலை. சாதாரண நாளில் அரை மணி, சனிக்கிழமை சாயந்திரம் ஒரு மணி நேரத்துக்கு மேல். 101 எண் பேருந்து வெல்ட் கீ படகுத்துறையிலிருந்து கொம்தார் கோபுரக் கட்டடம் வழியாக இங்கே வந்து தெலுக் பஹாங் வரை போகும். மலிவு, ஆனால் கூட்டம் நாளில் வளைவுகள் முழுக்க நின்றுகொண்டே வர வேண்டியிருக்கும். இங்கே தங்கிக்கொண்டு தினமும் ஜார்ஜ்டவுன் போய் வரலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இரண்டாம் நாளே களைத்துப் போவார்கள். கிராப் டாக்சிச் செலவைக் கூட்டிப் பார்த்தால், நகரத்துக்குள்ளேயே நல்ல அறை எடுத்திருக்கலாமே என்று தோன்றும். ஃபெரிங்கி என்றால் அங்கேயே கிடக்க வேண்டும். தெலுக் பஹாங் தேசியப் பூங்கா, நறுமணப் பயிர்த் தோட்டம், மறுபடி குளம். அதற்குத் தயார் என்றால் போகலாம்.

நடுவில் ஒரு வழி: கர்னி, புலாவ் தீக்குஸ்

நகரத்துக்கும் ஃபெரிங்கிக்கும் இடையில் உயரமான கட்டடங்கள் எழும்பிய கரை இது. கடல் தெரியும், ஆனால் ஃபெரிங்கி மாதிரி மணற்கரை கிடையாது. கடலைத் தூர்த்து நிலமாக்கியிருக்கிறார்கள். கீழே பேரங்காடி, சாலைக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு ஒட்டுக்கடைகள், பசம்பூரும் சார் குவே தியாவும். அறைகள் புதியவை, மின்தூக்கி வேலை செய்யும், காடி நிறுத்தலாம். பினாங்கின் பழைய வாசனை மட்டும் இருக்காது. கோலாலம்பூரில் ஒரு பேரங்காடிக்கு மேலே தங்கியது போல் இருக்கும்.

சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு இந்தப் பக்கம்தான் வசதி. தனியார் ஆஸ்பத்திரிகள் பல இங்கிருந்து சில நிமிஷத்தில். நோயாளியோடு வருகிறவருக்கு ஜன்னலும் கடலும் பெரிதில்லை. கஞ்சி கிடைக்கும் கடையும், இரவு பதினொன்றுக்குத் திறந்திருக்கும் மருந்துக்கடையும்தான் பெரிது. அந்தக் கணக்கில் இந்தப் பேட்டைக்கு முழு மதிப்பெண்.

பாயான் லெப்பாஸில் விமான நிலையத்தை ஒட்டியும் விடுதிகள் உண்டு. விடியற்காலை விமானம் இருந்தால் ஓர் இரவு, அதற்கு மேல் வேண்டாம். கொடிமலை (பினாங் ஹில்) உச்சியிலும் தங்கலாம். 1923இல் ஓடத் தொடங்கிய கேபிள் ரயில் வழி, குளிர்ந்த காற்று, கீழே விளக்குப் புள்ளிகளாக ஊர். தேன்நிலவுக்காரர்களுக்குச் சொல்லலாம். இரவு எட்டு மணிக்குக் குழந்தைக்குப் பால் மாவு தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று யோசிக்கிறவர்களுக்கு வேண்டாம்.

அடுக்குமாடி வீட்டை நாள் வாடகைக்கு எடுப்பதும் ஒரு வழி. ஐந்தாறு பேருக்கு மலிவு, சமைத்துக்கொள்ளலாம். ஆனால் குடியிருப்பு அடுக்குமாடிகளில் இப்படி விடுவதை மாநில அரசு 2023இலிருந்து இறுக்கியிருக்கிறது. முன்பணம் கட்டுமுன், அந்தக் கட்டடத்தில் இதற்கு அனுமதி உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாதுகாவலரிடம் "நாங்க சொந்தக்காரங்க" என்று சொல்லச் சொல்லும் வீட்டுக்காரர் என்றால் வேறு இடம் பாருங்கள்.

அக்கரை

என் பாரபட்சம் இங்கே தெரியத்தான் போகிறது. பட்டர்வொர்த்தை யாரும் தங்கும் இடமாக எண்ணுவதே இல்லை. ரயிலில் வந்து இறங்கி, பினாங் சென்ட்ரலைக் கடந்து, படகேறித் தீவுக்கு ஓடிவிடுகிறார்கள். அதே தரமுள்ள அறை இந்தப் பக்கம் தெளிவாகக் குறைந்த விலை. கடந்த தடவை நான் 120 வெள்ளிக்கு எடுத்த அறையில் பெரிய ஜன்னல், அதற்கு வெளியே நிஜமான வெளிச்சம், கீழே காடி நிறுத்த இடம். பசியாறப் பக்கத்திலேயே கடை.

அப்புறம் படகு. பழைய பெரிய ஃபெரிகள் நின்றுபோன பிறகு, 2023 ஆகஸ்டில் புதுப் படகுகள் வந்தன. வேகம் கூடியிருக்கிறது, பத்து நிமிஷத்தை ஒட்டி அந்தப் பக்கம். எனக்குப் பழையதன் மேல்தான் ஆசை. அப்போது மேல்தளத்தில் காற்று சட்டையை உப்ப வைக்கும், கீழே காடிகள் வரிசையாக நிற்கும். இருந்தாலும் தினமும் இரண்டு தடவை சில வெள்ளிக்குக் கடலைக் கடக்கலாம் என்றால் யாருக்குக் கசக்கும்? காலையில் எதிரே ஜார்ஜ்டவுன் கரை மெதுவாகக் கிட்டே வரும், கொம்தார் முதலில், அப்புறம் வெல்ட் கீ கிடங்குகளின் கூரைகள். 1786இலிருந்து கப்பலில் வந்தவர்கள் இந்த ஊரைக் கண்டது இப்படித் தண்ணீரின் மேலிருந்துதான்.

குறை இல்லாமல் இல்லை. இரவு தீவில் சாப்பிட்டுவிட்டு நிதானமாகத் திரும்ப முடியாது, கடைசிப் படகின் நேரம் மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். தவறவிட்டால் 13.5 கிலோமீட்டர் பாலத்தைச் சுற்றி கிராப்பில் வரவேண்டும். மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதி அதில் போய்விடும். படகுத்துறை நடைபாதை நீளம், முட்டி வலி உள்ளவர்களுக்குச் சிரமம். ஆகையால் இது ரயிலில் வருகிற, கையில் ஒரே பையோடு திரிகிற, இரவு சீக்கிரம் தூங்கும் ஆளுக்கான இடம்.

காசுக் கணக்கில் வெளியூரார் மறக்கும் இரண்டு. மலேசியர் அல்லாதவருக்கு ஓர் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி. அதோடு பினாங்கில் எல்லாருக்கும் விடுதியின் தரத்தைப் பொறுத்து 2 அல்லது 3 வெள்ளி உள்ளூர்க் கட்டணம். பதிவு செய்யும்போது காட்டிய விலையில் இவை சேராமல் இருக்கலாம். இரண்டு அறை, நாலு இரவு என்றால் அண்ணனுக்கு 80 வெள்ளிக்கு மேல். அதில் பெரியம்மாவுக்கு ஒரு நல்ல கைத்தறிச் சேலையே வாங்கிவிடலாம் என்று அண்ணி முணுமுணுத்தார்.

தைப்பூசம் என்றால் எல்லாக் கணக்கும் மாறும்

மேலே சொன்ன எல்லாம் சாதாரண நாளுக்கு. தைப்பூசத்துக்கு வருகிறவர்கள் இதையெல்லாம் கொஞ்சம் மறந்துவிடுங்கள். முந்தின நாள் விடியற்காலையில் பினாங் ஸ்ட்ரீட் கோயில் வீட்டிலிருந்து செட்டியார்களின் வெள்ளி ரதம் முருகன் கோயில் இருக்கும் தண்ணீர்மலை நோக்கிக் கிளம்பும். 2017லிருந்து குவீன் ஸ்ட்ரீட் மகா மாரியம்மன் கோயிலிலிருந்து தங்க ரதமும் போகிறது. லிட்டில் இந்தியாவில் அறை கிடைத்தால் ரதம் உங்கள் வாசலில். சாலையோரம் தேங்காய் மலைமலையாகக் குவித்திருக்கும். உடைப்பவர்களில் சீனர்களும் நிறையப் பேர். ரதம் கடந்ததும் சாலை முழுக்கத் தேங்காய்த் தண்ணீர் ஓடும், செருப்பு வழுக்கும். இயந்திரம் வந்து ஓடுகளை வாரிக்கொண்டு போகும் வரை அந்தப் பக்கம் காடி போகாது.

காவடி எடுப்பவர் குடும்பம் என்றால் தண்ணீர்மலைப் பக்கம், ஜாலான் கெபுன் பூங்கா சுற்றுவட்டாரத்தில் இடம் பார்ப்பது நல்லது. மலைமேல் பாலதண்டாயுதபாணி கோயிலுக்கு 513 படி. காவடி இறக்கிய பிறகு ஆட்களுக்கு நடக்கத் தெம்பு இருக்காது, சாலை மூடியிருக்கும், கிராப் உள்ளே வராது. அன்றைக்கு அரை கிலோமீட்டர் என்பது ஐந்து கிலோமீட்டர். உறவினர் வீடு அந்தப் பக்கம் இருந்தால் கூச்சப்படாமல் கேட்டுவிடுங்கள். தரையில் பாய் போதும். விடுதிதான் என்றால் மாதக்கணக்கில் முன்னாலேயே போட வேண்டும், விலையையும் பேச முடியாது. ஃபெரிங்கியில் தங்கித் தைப்பூசம் பார்க்க நினைப்பவர்களுக்கு என் அனுதாபம்.

அண்ணன் குடும்பம் கடைசியில் என்ன செய்தது? நாலு இரவையும் ஒரே இடத்தில் போட வேண்டாம் என்று அவரை ஒத்துக்கொள்ள வைப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "பெட்டியைத் தூக்கிக்கிட்டு அலையறதா பாப்பா?" என்றார். "அண்ணே, பெட்டிய கிராப்புல போட்டா அரை மணி நேரம். தினமும் பெரியம்மாவ அந்த வளைவுல அலைக்கழிக்கிறதுக்கு இது மேல்" என்றேன். முதல் இரண்டு இரவு குவீன் ஸ்ட்ரீட்டுக்குப் பக்கத்தில், மின்தூக்கி உள்ள நடுத்தர விடுதி, பின்பக்க அறை, ஜன்னல் உண்டு, இருநூறுக்கு உள்ளே. அடுத்த ஓர் இரவு பிள்ளைகளுக்காக ஃபெரிங்கி, கடல் தெரியும் அறை, அண்ணன் போட்ட வரம்பை அன்றைக்கு மட்டும் நன்றாகவே தாண்டியது. கடைசி இரவு பட்டர்வொர்த், மறுநாள் காலை ரயில் பிடிக்க.

பெரியம்மா இரண்டாம் நாள் காலையிலேயே பூக்காரம்மாவோடு சினேகமாகி, ஃபெரிங்கிக்குக் கிளம்பும்போது முகத்தைத் தூக்கிக்கொண்டார். பிள்ளைகள் குளத்தை விட்டு ஏறவில்லை. அண்ணன் கடல் தெரியும் அறையில் திரையை மூடி ஏசியைப் போட்டு மதியம் முழுக்கத் தூங்கினார்.

தப்பு என் பக்கம் ஒன்று நடந்தது. ஃபெரிங்கி இரவைச் சனிக்கிழமையில் வைத்துவிட்டேன். அன்றைக்கு அறை விலை அதிகம், குளத்தில் கால் வைக்க இடமில்லை, ஞாயிறு மதியம் திரும்பும்போது சாலையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்தோம். அடுத்த தடவை யாராவது கேட்டால் ஃபெரிங்கியைச் செவ்வாய், புதனில் வைத்து, சனி ஞாயிறுக்குப் பட்டர்வொர்த் அறையைப் போட்டுக்கொடுப்பேன்.